எலுமிச்சம்பழம் விழுந்த தொட்டி

"மேல இருந்துதான் எடுத்தேன் மதினி. சத்தியமா மேல் தண்ணியிலதான்..."

"மேல் தண்ணியிலதான் எடுத்த. அதைத்தான் நானும் சொல்றேன். மேல் தண்ணியில..."

"எப்பவும் கிடப்பான் மேலதான இருக்கும். நீங்கதான சொல்லிக் குடுத்தீக, மேல கிடப்பான், கீழ கிளப்பின்னு..."

"எப்பவும் மேலதான் இருக்கும். தொட்டிக்குள்ள எலுமிச்சம்பழத்தைப் போடாதவரைக்கும்."

பஞ்சவர்ணம் அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

"நான் போடல. அதுவா விழுந்துச்சு."

"எத்தனை பழம்?"

"மாலை மதினி. ஆயுத பூஜைக்குத் தொட்டிக்கு மாலை போடணும்ல. போன வருசம் பூ மாலை போட்டேன், பாதி வருசம் மோட்டார் ஓடல. அதான் இந்த வருசம் அம்மனுக்குப் போடுற மாதிரி எலுமிச்சம்பழ மாலை. பெரிய மாலை. நூலு அறுந்துருச்சு."

"கலக்கி ஓடிக்கிட்டா இருந்துச்சு?"

"சூடம் காட்டும்போது ஓடணும்ல. நிப்பாட்டி வச்ச மிசினுக்குச் சூடம் காட்டுனா சாமி எதைப் பாக்கும்?"

"அப்ப மாலை மொத்தமும் அரைஞ்சு..."

"தோலையெல்லாம் அரிகரண்டியில எடுத்துட்டேன். சாறைத்தான் எடுக்க முடியல. நல்லா மணமா இருந்துச்சு."

நாகஜோதி கையில் ஒரு தட்டு இருந்தது. தட்டில் பச்சைப்பயறு. ஓரத்தில் 'கிடப்பான்' என்று எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. கிடப்பான் தெளித்த பயறு முளைக்கக் கூடாது. அதுதான் சோதனை. இந்தப் பயறோ விரல் நீளத்துக்கு முளைவிட்டு, தட்டை விட்டு இறங்கி மேசையில் நடக்கப் பார்த்தது. பூஜை விடுமுறை என்று சோதனை போடாமல் விட்டது தன் தப்பு என்பது நாகஜோதிக்கும் தெரியும். அதனாலேயே குரல் இன்னும் ஒரு பங்கு ஏறியிருந்தது.

கருவக்குளத்துக்கு வெளியே சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே தகரக் கூரை போட்ட தொழிற்கூடம் அது. மூன்றே பேர். கோயம்புத்தூரில் புரதம் பற்றிப் படித்த நாகஜோதி, காய் சேகரித்து வண்டியில் ஏற்றிவரும் அவள் கணவர் வழிவிட்டான், பொட்டலம் போடுவது, விற்பது, சாமி கும்பிடுவது மூன்றையும் பார்த்துக்கொள்ளும் அவருடைய தங்கை பஞ்சவர்ணம்.

சீமைக்கருவேல விதைக்கு இரண்டு புத்தி உண்டு. மழை இல்லாவிட்டால் வருசக்கணக்காக மண்ணுக்குள் கிடக்கும், சலிக்காது. ஒரு மழை விழுந்துவிட்டால் சாலையைப் பிளந்துகொண்டுகூட எழும்பும். கிடக்கச் சொல்வது ஒரு புரதம், கிளம்பச் சொல்வது இன்னொரு புரதம். நாகஜோதி இரண்டையும் பிரித்தாள். பெயர் வைத்தது பஞ்சவர்ணம்: கிடப்பான், கிளப்பி.

மனிதர்களுக்கும் அது வேலை செய்தது. கிடப்பானை ஒரு சிட்டிகை மோரில் கலந்து குடித்தவர்கள் எவ்வளவு நேரமானாலும் முகம் சுளிக்காமல் காத்திருந்தார்கள். தாலுகா அலுவலகத்துக்கு அது தேனாக இனித்தது. எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறி எத்தனையோ வருசமாகியும் வரிசை மட்டும் மாறவில்லை. வாசலில் பந்தல் போட்டு, 'பொறுமை மோர், அருந்தி மகிழ்க' என்று பலகை வைத்தார்கள். கருவக்குளத்தில் பன்னிரண்டு மாசமும் கோடைதான் என்பதால் பந்தலைப் பிரிக்கவே இல்லை. கிளப்பியை யாரும் கேட்கவில்லை. அதைக் காய்ச்சிக் கொட்டிவிட வேண்டும் என்பது உரிமத்திலேயே இருந்தது.

சத்தம் கேட்டு வழிவிட்டான் உள்ளே வந்தார்.

"என்னத்துக்கு ரெண்டு பேரும் சேவக்கட்டு மாதிரி நிக்கிறீக? எலுமிச்சம்பழந்தான விழுந்துச்சு. மோருக்கு எலுமிச்சை நல்லதுதான?"

"இந்தாங்க, உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன்," என்றாள் நாகஜோதி. "தொட்டியில ரெண்டு அடுக்குத் தண்ணி. ரெண்டும் தண்ணிதான். ஒண்ணுல பாலிமர் கரைச்சிருக்கு, ஒண்ணுல உப்பு. ஒரே மண்டபத்துல பொண்ணு வீட்டுக்காரவுகளும் மாப்பிள்ளை வீட்டுக்காரவுகளும் உக்காந்த மாதிரி. பக்கத்துல பக்கத்துல இருப்பாக, கலக்க மாட்டாக. விதையை அரைச்சு உள்ள ஊத்துனா, ஒவ்வொரு புரதமும் தனக்குத் தோதான பக்கம் போய் உக்காந்துக்கிரும். கிடப்பான் மேல, கிளப்பி கீழ. நாம சும்மா வடிச்சு எடுத்துக்கிறலாம்."

"சரி."

"புளிப்பு ஏறிருச்சுன்னா புரதத்துக்கு மேல இருக்கிற மின்னூட்டம் மாறிரும். அப்ப ரெண்டும் கட்சி மாறிரும்."

"ராத்திரியோட ராத்திரியாவா?"

"லீவு நாள்ல. யாரும் பாக்காத நேரத்துல."

"அப்ப நம்ம ஊரு கட்சிதான்," என்றார் வழிவிட்டான். பிறகு மெதுவாக, "அப்படின்னா மூணு நாளா மோர்ப் பந்தலுக்குப் போனது?"

"கிளப்பி."

வழிவிட்டான் தலையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பஞ்சவர்ணத்தின் முகம் வெளுத்துவிட்டது. அது வேறு காரணத்துக்காக என்பது அவள் பேசியபோதுதான் தெரிந்தது.

"மதினி, அப்ப கீழ் தண்ணியில இருந்தது?"

"கிடப்பான். அதைப் பத்தி என்ன, நாமதான் கீழ் தண்ணியைக் காய்ச்சிக் கொட்டிருவோமே."

"கொட்டிருவோம்."

"கொட்டுனியா?"

"முக்காவாசி கொட்டுனேன்."

பஞ்சவர்ணம் கருவேலங்காய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கும் தாலுகா அலுவலகத் தலைமை எழுத்தர் மங்களசாமிக்கும் நிச்சயமாகி ஏழு வருசம் ஆகிறது. முதலில் அவர் தங்கைக்கு முடியட்டும் என்றார்கள். முடிந்தது. வீடு எழும்பட்டும் என்றார். எழும்பியது. கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு ராகு பெயர்ந்தது, கேது பெயர்ந்தது, மங்களசாமி மட்டும் பெயரவில்லை. பஞ்சவர்ணத்துக்கு முப்பத்தொன்பது முடிந்துவிட்டது. போன வாரம் வழிவிட்டான் கெடு வைத்துவிட்டார்: வெள்ளிக்கிழமைக்குள் அந்த மனிதர் தேதி சொல்லாவிட்டால் நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். இன்று வெள்ளிக்கிழமை. தட்டு வண்டியில் இருந்தது.

"அவருக்குச் சுக்குக் காபி போட்டு அனுப்புனேன்," என்றாள் பஞ்சவர்ணம். "மூணு நாளா. பிளாஸ்க்குல. அதுல ஒரு கரண்டி கீழ் தண்ணி. ஒரு கிளம்பு கிளம்பி வந்து தேதி சொல்லிருவாருன்னு..."

"உனக்குக் கூறு இருக்கா? ஒருத்தருக்குத் தெரியாம ஒரு பொருளைக் குடுக்கலாமா?"

"தாலுகாவுல வரிசையில நிக்கிறவுகளுக்கு மட்டும் சொல்லிட்டா குடுத்தோம்?"

"பலகை வச்சிருக்கோமே."

"அருந்தி மகிழ்கன்னுதான வச்சிருக்கு. அருந்தி வாயை மூடிக்கிட்டு நில்லுன்னா வச்சிருக்கு?"

நாகஜோதி பதில் சொல்வதற்குள் வழிவிட்டானின் போன் அடித்தது. தாலுகா அலுவலக உதவியாளர் பாக்கியநாதன்.

"அண்ணே, கொஞ்சம் வாங்கண்ணே. வரிசையில நின்ன சனம் உள்ள வந்துருச்சு."

"அடிதடியா?"

"அதெல்லாம் இல்லண்ணே. வேலை பாத்துக்கிட்டிருக்காக."

குட்டியானை வண்டி தானாக ஓடுகிற வகைதான். இருந்தாலும் வழிவிட்டான் ஸ்டீயரிங் இருந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டுதான் உட்காருவார். மூவரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். நடுவில் பஞ்சவர்ணம், அவள் மடியில் நிச்சயத் தட்டு.

"இதுக்கு மாத்து இருக்கா மதினி?"

"விதையை எப்படி முளைக்க வைக்கிறது? ஓட்டைக் கீறணும். ஆடு தின்னு மென்னு போட்டா முளைக்கும், இல்லாட்டி உப்புத்தாளை வச்சுத் தேய்க்கணும்."

"அவரை உப்புத்தாளை வச்சுத் தேய்க்கவா?"

"மனுசனுக்கு ஓடு வேற இடத்துல இருக்கு. எதைச் சொன்னா சுருக்குன்னு தைக்குமோ, அதைச் சொல்லணும். உங்க அண்ணன் அன்னைக்குத் தெரியாம இட்லிப்பொடின்னு நெனச்சுக் கிடப்பானைத் தொட்டுத் தின்னுட்டு ரெண்டு நாளாக் கிணத்தடியில உக்காந்திருந்தாகளே, எப்படி எந்திரிச்சாக?"

"எப்படி?"

"அத்தை வைக்கிற மீன் குழம்பு வாயில வைக்க வெளங்காதுன்னு சொன்னேன்."

"அந்த விசயத்தை இப்ப எதுக்கு எடுக்கிற?" என்றார் வழிவிட்டான், வண்டியை ஓட்டாமல் ஓட்டிக்கொண்டே.

தாலுகா அலுவலக வாசலில் மோர்ப் பானை காலியாகக் கிடந்தது. பந்தலில் ஒரு ஆள் இல்லை. உள்ளேயிருந்து ஒழுங்கான இரைச்சல் வந்தது, கல்யாண வீட்டில் காய் நறுக்குகிற மாதிரி. ஒருவர் கட்டுகளை இறக்குகிறார். ஒருவர் ஊர் பெயரைப் படிக்கிறார். இரண்டு பெண்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டுகிறார்கள். கணக்கப்பிள்ளை நாற்காலியில் ஒரு ஆட்டுக்காரர், "அடுத்தது யாரு, ஆதார் எடுத்து வச்சுக்கங்க, நேரத்தை வீணாக்காதீங்க," என்கிறார். கணக்கப்பிள்ளை அவருக்குப் பின்னால் நின்று விசிறிக்கொண்டிருந்தார்.

"யாரு இவுகளுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாள் நாகஜோதி.

"எத்தனை மாசமா வாசல்ல நின்னு பாத்துருக்காக," என்றான் பாக்கியநாதன். "எங்களைவிட நல்லாத் தெரியுது. சீல் எந்த டிராயர்ல இருக்குங்கிறதுகூடத் தெரியுது. எனக்கே தெரியாது."

"தாசில்தார் அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"அதான்க்கா அதிசயம். அம்மா சத்தம் போட்டா இந்தக் கட்டடத்துல புறா உக்காராது. மூணு நாளா ஒரு சொல்லு ஏசல. எதை நீட்டுனாலும் வாங்கி, நிதானமாப் படிச்சு, கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறாக. ஏதோ ஞானம் வந்துருச்சு போல."

நாகஜோதியின் முந்தானையை யாரோ பிடித்தார்கள். சூசையம்மாள். வாரிசுச் சான்றிதழுக்காக நடையாய் நடந்தவள். மோர்ப் பந்தலின் நிரந்தர வாடிக்கை. சான்றிதழ் இப்போது அவள் கையில் இருந்தது.

"தாயி, நீதான அந்த மோருக்குப் பொடி போடுறவ?"

"ஆமாம்மா."

"எட்டு மாசமா வந்தேன். மோரைக் குடிச்சிட்டு வேப்பமரத்துக்குக் கீழ உக்காந்தா மனசு குளுந்து போயிரும். சாயங்காலம் கதவைச் சாத்துவாக. சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போயிருவேன். பிள்ளைக கேக்கும், என்னம்மா ஆச்சுன்னு. நல்லாயிருந்துச்சும்பேன்."

நாகஜோதி அவள் கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தாள்.

"அதுக்குள்ள மூத்தவ படிப்பை நிப்பாட்டிட்டா, காலேஜுல இந்தக் காயிதம் இல்லாமச் சேக்கலைன்னு. அன்னைக்குக்கூட எனக்குக் கோவம் வரல. மூணு நாளாத்தான் வருது. எங்க போய்க் கெடந்துச்சு தாயி, என் கோவம்?"

நாகஜோதிக்கு அது எங்கே கிடந்தது என்று தெரியும். எந்த அடுக்கில், எத்தனை சதவீதம் என்றுகூடத் தெரியும். அதை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. திரும்பித் தன் கணவரிடம் சொன்னாள்:

"இனிமே மோர் வெறும் மோர்தாங்க."

"பிழைப்பு?"

"கரிமூட்டம் போடுவோம். கருவேலங்கரிக்கு என்ன குறைச்சல்?"

"நான் அப்பவே சொன்னேன் கரி போடுவோம்னு," என்றார் வழிவிட்டான். அவர் சொன்னதில்லை.

இதற்குள் பஞ்சவர்ணம் மங்களசாமியின் மேசைக்குப் போய்விட்டாள். அலுவலகமே ஓடியாடிக்கொண்டிருந்த நடுவில், ஆற்று வெள்ளத்தில் பாறை கிடப்பதுபோல் அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் பேனா, மூடி திறக்காமல். முகத்தில் புன்னகை. அவர் மேசை டிராயரை ஒருவர் திறந்து சீலை எடுத்துக்கொண்டு போனார். வசதியாக இருக்கட்டும் என்று மங்களசாமி முழங்காலை ஒதுக்கிக்கொண்டார்.

"வா பஞ்சு. உக்காரு. நாற்காலி ஏதும் காலியா இருந்தா உக்காரு."

பஞ்சவர்ணத்துக்குக் கண் கலங்கியது. இப்படி ஆக்கிவிட்டோமே என்று இருந்தது. ஆனால் அழுதால் ஓடு கீறாது. தட்டை மேசையில் வைத்தாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

"ஆமா."

"அண்ணன் கெடு வச்சது இன்னைக்கு."

"ஞாபகம் இருக்கு."

"அதுக்கு என்ன சொல்றீக?"

"பாப்போம்."

நாகஜோதி பின்னால் வந்து நின்று முணுமுணுத்தாள்: "முத்திருச்சு. கீறு."

"உங்க மீசைக்குப் போடுற மையி காதுல ஒட்டியிருக்கு," என்றாள் பஞ்சவர்ணம்.

"இருக்கும்."

"உங்க வீடு கட்டுன லட்சணம், வாசல்படி ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு. ஊரே சிரிக்குது."

"கொத்தனாரும் அதைத்தான் சொன்னாரு."

"உங்க தங்கச்சி உங்களைக் கஞ்சப்பயன்னு சொன்னா."

"அவளுக்குச் சொல்ல உரிமை இருக்கு."

வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் சுற்றி வந்து நின்றார்கள். விசயம் என்ன என்று வழிவிட்டான் நாலு வார்த்தையில் சொன்னார். அவ்வளவுதான், உள்ளே கிளப்பி இருக்கிற சனம், சும்மா நிற்குமா?

"சார், போன ஆடிக்கு நீங்க எழுதின பட்டாவுல என் பேரு ஆம்பளைப் பேரா இருக்கு."

"திருத்திக்கங்கம்மா. சீல் உங்ககிட்டதான இருக்கு."

"உங்க அம்மா போன மாசம் கோயில்ல சொல்லிச்சு, எம்பிள்ளை நடக்கப் பழகுறதுக்கே மூணு வருசம் ஆச்சுன்னு."

"நாலு," என்றார் மங்களசாமி.

ஆட்டுக்காரர் முன்னால் வந்தார். "தள்ளுங்க. நான் கேக்கிறேன். ஏன்யா, ஒரு பொம்பளை ஏழு வருசம் காத்துக்கிடக்கா, உனக்கு வெக்கமா இல்ல?"

மங்களசாமி யோசித்தார். கூட்டம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பேனா மூடி லேசாக அசைந்த மாதிரிகூட இருந்தது.

"நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு," என்றார்.

நாகஜோதி அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள். பஞ்சவர்ணத்தைத் தனியே இழுத்துச் சொன்னாள்:

"நான் பாத்ததுலயே இதுதான் பெரிய கேஸ் பஞ்சு. மூணு கரண்டிக்கு இவ்வளவு வராது. விதைக்குள்ள கல்லு பாஞ்ச மாதிரி இருக்காரு. நீ எத்தனை கரண்டி போட்ட, மறைக்காமச் சொல்லு."

"ஒரு நாளைக்கு ஒரு கரண்டிதான் மதினி. சாமி சத்தியமா."

"தெளியிறதுக்கு மாசக்கணக்கு ஆகும். ஒரு நல்ல மழை பெஞ்சாத்தான்."

"இந்த ஊர்லயா?" என்றார் ஆட்டுக்காரர்.

பஞ்சவர்ணம் திரும்பி மேசைக்கு வந்தாள். கீறுவதையெல்லாம் விட்டுவிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என்னை மன்னிச்சிருங்க. நீங்க இப்படி இருக்கிறதுக்கு நான்தான் காரணம். உங்களைக் கிளப்பிவிடலாம்னு நெனச்சு ஒரு தப்புப் பண்ணிட்டேன், அது தலைகீழாப் போயிருச்சு. அண்ணன் தட்டைத் திருப்பிக் குடுக்கச் சொல்றாரு. நான் குடுக்க மாட்டேன். உங்களுக்குத் தெளியிறவரைக்கும் நான் இருக்கேன். எத்தனை மாசம் ஆனாலும் சரி. நான் செஞ்சதுக்கு நான்தான இருக்கணும்."

சுற்றி நின்ற பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். வழிவிட்டான்கூடத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மங்களசாமி தட்டில் இருந்த மஞ்சளை எடுத்து, உருண்டு விழாமல் நடுவில் நகர்த்தி வைத்தார்.

அப்போது தாசில்தார் அறைக் கதவு திறந்தது. தாசில்தார் அம்மா வெளியே வந்தார். கூட்டம் பழக்கத்தில் ஒரு அடி பின்வாங்கியது. அவர் யாரையும் ஏசவில்லை. ஆட்டுக்காரர் வழிவிடும்வரை நின்றார். யாரோ காலை மிதித்தபோது, "பரவாயில்லை, மெதுவா," என்றார். அவர் கையில் ஒரு பிளாஸ்க் இருந்தது.

"பஞ்சவர்ணம், நீங்களே வந்துட்டீங்களா? இது உங்க பிளாஸ்க்தானே. கழுவி வச்சிருக்கேன். இவருக்குச் சுக்கு ஆகாதாம், நெஞ்சு எரியுமாம். மூணு நாளும் மூடியைக்கூடத் திறக்காம எனக்கே கொடுத்துட்டாரு. என்ன போட்டீங்களோ, மனசு அப்படியே நிம்மதியா இருக்கு. நாளைக்கும் கொண்டு வாங்க, அவசரமில்லை."

நாகஜோதி பிளாஸ்க்கைப் பார்த்தாள், தாசில்தாரைப் பார்த்தாள், மங்களசாமியைப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

பஞ்சவர்ணம் பிளாஸ்க்கை வாங்கிக்கொள்ளவில்லை. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, அந்தப் புன்னகைக்கு மிகப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்க் கேட்டாள்:

"அப்ப உங்களுக்கு ஒண்ணுமே ஆகலையா?"